"தொண்டை சரியில்லை" என்று பிள்ளையைச் சங்கீதத்திலிருந்து எடுக்காதீர்கள்

ஒன்பதாம் தர முடிவில், சாதாரண தரத்துக்கான பாடங்களைத் தெரிவு செய்யும் நாட்களில், மாங்குளத்துக்கு அண்மையில் நான் சங்கீதம் கற்பிக்கும் பாடசாலைக்கு ஆண்டுதோறும் ஒரு தாயாவது வந்து, "சேர், இவனுக்குத் தொண்டை சரியில்லை, சித்திரத்துக்கு மாத்தி விடட்டோ?" என்று கேட்கிறார். அவர் கூட்டிவரும் பிள்ளை அநேகமாக 14 வயது ஆண்பிள்ளையாகவே இருக்கிறான்.

அந்த வயதில் குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீள்வதால், ஆண்பிள்ளையின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையான தூரம்) கீழே இறங்குகிறது. நாங்களோ பெண்பிள்ளைகளுக்கு வசதியான ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் சுருதியும் உயரும்) சுருதிப் பெட்டியை வைத்துவிட்டு, எல்லோரையும் ஒன்றாகப் பாடச் சொல்கிறோம். அவன் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ச'வை, எட்டப் போனால் தொண்டை பிளக்கிறது. ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினால் கீழே குரலே எழுவதில்லை. அதே பிள்ளையை ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் இருத்தி, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியை முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், மட்டும் சில வாரங்கள் பாடவைத்தால், சுருதி மெல்ல மெல்லச் சேர்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கும் அந்த வயதில், கலைவிழா ஒன்றில், பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கும்படி சொல்லப்பட்டது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் நான் வாய் திறந்து பாடவேயில்லை.

சங்கீதம் பிறவியிலேயே வரவேண்டும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் வேர். சுரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிறவியிலேயே பிரித்தறிய முடியாதவர்கள் இருப்பது உண்மை. ஆனால் அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் என்றுதான் முன்பு மதிப்பிட்டார்கள், பிந்திய ஆய்வுகள் அதையும் குறைத்துவிட்டன. பின்வரிசைக்கு அனுப்பப்படுகிறவர்களின் தொகையோ அதைவிட எத்தனையோ மடங்கு. இன்னொரு பக்கம், சங்கீதம் கேட்டால் மூளை வளரும், கணிதத்தில் புள்ளி கூடும் என்பதற்காகவே பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் உண்டு. அந்தப் பேச்சு 1993இல் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொஸார்ட்டின் இசையைக் கேட்பித்துச் செய்த ஆய்விலிருந்து பெருகியது. அதில் கண்ட பயன் 10, 15 நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. பாடுவதற்காகவே பாட்டுப் படிக்கலாம்.

எங்கள் மண்ணிலேயே வேறொரு முறை இருந்திருக்கிறது. முல்லைத்தீவில் முல்லைமோடி என்ற கூத்து மரபில் ஆடப்படும் கோவலன் கூத்துக்கு ஆள் சேர்க்கும்போது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் குரலைக் கேட்டு அதற்கேற்ற பாத்திரத்தைக் கொடுப்பார். தடித்த குரலுக்கும் அங்கே வேலை உண்டு. மாதக்கணக்காக இரவுகளில் பழகியே வயற்காரர்கள் விடியும்வரை பாடினார்கள். இவர்களுக்குச் சங்கீதம் தெரியாது என்று சொல்லும் ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன், அது எனக்குப் பெரும் வருத்தம்.

40 நிமிடப் பாடவேளையில் இரண்டு சுருதி வைப்பது கடினந்தான். ஆயினும் வாரத்தில் ஒரு பாடவேளையையாவது குரல் உடைந்த பிள்ளைகளின் கட்டைக்கு ஒதுக்கலாம். கைத்தொலைபேசியிலேயே இன்று சுருதி கிடைக்கிறது. பெற்றோரே, பாடம் மாற்றும் படிவத்தில் கையொப்பமிடுமுன், உங்கள் மகன் எத்தனை கட்டையில் பாடுகிறான் என்று ஆசிரியரிடம் ஒருமுறை கேளுங்கள்.