தேவராஜ மார்க்கெட்டில் கலர்ப்பொடியைத் தாண்டி உள்ளே போங்கள்

மைசூர் போய் வந்தவர்கள் போடும் தேவராஜ மார்க்கெட் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கூம்பு கூம்பாகக் குவித்த கலர்ப்பொடி. அதைப் படம் பிடித்து, பக்கத்துக் கடையில் சந்தன எண்ணெய் ஒரு குப்பி வாங்கிக்கொண்டு அரை மணியில் அரண்மனைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மைசூர்க்காரர்கள் அந்த மார்க்கெட்டுக்குப் போவது இந்த இரண்டுக்காகவும் இல்லை.

எண்ணெய்க் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். அசல் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். பத்து கிராமே ஆயிரத்தைத் தாண்டும். அப்படியிருக்க 200 ரூபாய்க்கு நீட்டப்படும் குப்பியில் எவ்வளவு சந்தனம் இருந்துவிட முடியும்? கலப்பு எண்ணெய் மூடியைத் திறந்ததுமே மூக்கில் ஏறும், கொஞ்ச நேரத்தில் வாசனையே மாறிவிடும். அசல் அடக்கமாக ஆரம்பித்து மணிக்கணக்கில் தோலில் நிற்கும். வேண்டுமென்றால் மார்க்கெட் இருக்கும் அதே சயாஜிராவ் ரோட்டில் உள்ள கர்நாடக அரசின் காவேரி எம்போரியத்தில் சீல் வைத்த குப்பியாக வாங்குங்கள்.

குங்குமமும் அப்படித்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்தது என்றால், ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டதும் சிவப்பு போய் மஞ்சளாகத் திரும்பும். சாயப்பொடி அப்படியே நிற்கும். நீலமும் பச்சையும் கோலத்துக்கானவை, நெற்றியில் வைக்காதீர்கள்.

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். சின்ன கடியாரம் என்று ஊரில் சொல்லும் டஃபரின் மணிக்கூண்டுக்கு எதிரே தெற்கு வாசல். பூ வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம். மைசூர் மல்லிகை புவிசார் குறியீடு பெற்றது. வாய் திறக்காத மொட்டாகப் பார்த்து வாங்குங்கள், சாயங்காலம் தானே விரியும். பாதி விரிந்ததை வாங்கினால் மதியத்துக்குள் பழுத்துவிடும். சரத்தை ஈர வாழையிலையில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் வேர்த்து அழுகும். முழத்தை அங்கே 'மொள' என்பார்கள், இரண்டு கையையும் விரித்து அளப்பது 'மாரு'. எந்த அளவுக்கு விலை சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். 'ஸ்வல்ப கம்மி மாடி' (கொஞ்சம் குறையுங்கள்) என்று ஒரு வார்த்தை கன்னடத்தில் சொன்னால் முகம் மலரும்.

வெற்றிலையைத் தவறவிடாதீர்கள். மைசூர் இலை வழவழப்பானது, காரமும் உண்டு. நுனி கருகாததாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

நஞ்சன்கூடு ரசபாளை கேட்டு வாங்க வேண்டிய பழம். நம் ரஸ்தாளியின் இனம்தான். வாடல் நோய் தோட்டங்களை அழித்ததால் அசல் மிக அரிது. அதனால் அந்தப் பெயரைச் சொல்லி வேறு பழத்தைத் தள்ளிவிடுவதும் உண்டு. ஒரு பழம் உரித்துத் தின்று பார்த்துவிட்டுச் சீப்பு வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோவதென்றால் செங்காயாக எடுங்கள். கனிந்தது பஸ்ஸிலேயே நசுங்கிவிடும்.

கட்டடத்தையும் நின்று பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேல் பழையது. தன்வந்திரி ரோடு பக்கத்து வாசல் 2016 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. மொத்தமாக இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. பழுதுபார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு எமன் தேங்கும் ஈரம். கூரை ஒழுகலை அடைக்காமல் மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். கூரையைச் சரிசெய்து, சுண்ணாம்பாலேயே பூசினால் நிற்கும். இடித்துவிட்டு அடுக்குமாடி வளாகம் கட்டினால், பத்து ரூபாய்க்கு இலை விற்கிறவர் மாடியில் எந்தக் கடைக்கு வாடகை கொடுப்பார்? ஆனால் விரிசல் விட்ட வளைவுகளின் கீழே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், அது வேறு விஷயம்.

தசரா சமயத்தில் போகிறவர்கள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் போங்கள். பூவும் பூசணியும் விலை ஏறித்தான் இருக்கும், ஆனால் மார்க்கெட் முழு வீச்சில் நடப்பதை அன்றுதான் பார்க்கலாம். விஜயதசமி அன்று வேண்டாம். யானை ஊர்வலம் சயாஜிராவ் ரோடு வழியாகத்தான் பன்னிமண்டபம் போகிறது. ரோட்டை அடைத்துவிடுவார்கள், பையோடு வெளியே வர முடியாது.