கஞ்சி அண்டா

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் உள்ளே வருகிறார். கடைக்காரர் அவரிடம் படித்தவர்.)

கடைக்காரர்: வாங்க சார், உட்காருங்க. சீர் பாத்திரமா?

வாத்தியார்: இல்லை தம்பி. அமெரிக்காவில், டென்வரில் இருக்கும் மாப்பிள்ளைக்கு ஓர் அண்டா. கஞ்சி காய்ச்ச.

கடைக்காரர்: அங்கே எத்தனை பேர்?

வாத்தியார்: ரெண்டே பேர். பார்லி கஞ்சி. ஒரு தடவைக்கு 19 லிட்டர்.

கடைக்காரர்: (நாற்காலியில் நிமிர்ந்து) சரி...

வாத்தியார்: இருக்கிற 20 லிட்டர் பாத்திரம் பத்தவில்லையாம். வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது.

கடைக்காரர்: 19 லிட்டர் 20-இல் அடங்குமே! அந்த வாய்ஸ் மெசேஜைச் சத்தமாகப் போடுங்களேன், நானும் கேட்கிறேன்.

வாத்தியார்: வேண்டாம், வேண்டாம், நானே சொல்கிறேன். ஒரு மணி நேரம் கொதித்தால் 4 லிட்டர் ஆவியாகப் போய்விடும். அடிக்கசடோடு 2 லிட்டர் போகும்.

கடைக்காரர்: அப்படியானால் 25 லிட்டரில் ஆரம்பிக்கணும். இப்போது எப்படிச் சமாளிக்கிறார்?

வாத்தியார்: பாதியைக் கெட்டியாகக் காய்ச்சி, மீதிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்.

கடைக்காரர்: நம் பால்காரர் மாதிரி.

வாத்தியார்: அதனால் 30 லிட்டர் எடுத்தால் போதும் இல்லையா?

கடைக்காரர்: பொங்குமா சார்?

வாத்தியார்: கொதி வரும்போது புரதம் நுரைத்து அப்படியே மேலே ஏறுமாம்.

கடைக்காரர்: அப்போது 30-க்கு ஓர் ஆள் கரண்டியோடு காவல் நிற்கணும். 38 லிட்டர் எடுத்தால் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்.

வாத்தியார்: எடுக்கிறதே எடுக்கிறோம், 100 லிட்டராகவே...

கடைக்காரர்: 25 லிட்டரை அதில் ஊற்றினால் ஒரு சாண் உயரம்கூட நிற்காது. வாய் அகலம், இன்னும் அதிகமாக ஆவியாகும். நிறையக் காய்ச்சலாம் என்றாலும், சமையலறைக் கரண்ட் அடுப்பில் அது எந்தக் காலத்தில் கொதிக்கும்? வாசலில் பெரிய கேஸ் அடுப்பு வைக்கணும். அங்கே பனி கொட்டும். அப்புறம், கொதிக்கிற 50, 60 கிலோவை யார் தூக்குவது?

வாத்தியார்: மாப்பிள்ளைக்கு முதுகு வலி.

கடைக்காரர்: பாருங்க. 38-தான் சரி. கீழே ஒரு குழாய் வைத்துத் தருகிறேன், தூக்கவே வேண்டாம். வேறு ஏதாவது போடுவாரா?

வாத்தியார்: ஒரு பூ போடுவார். கசப்புக்கு.

கடைக்காரர்: கஞ்சிக்கா?

வாத்தியார்: உடம்புக்கு நல்லது! டென்வர் 1,609 மீட்டர் உயரம் இல்லையா, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுமாம். கசப்பு முழுசாக இறங்காதாம். பூவைக் கொஞ்சம் கூடப் போடணும்.

கடைக்காரர்: அட, ஏற்காடு உயரம்தான். என் மாமியார் வீட்டில் பருப்பு வேகாது. குடிப்பதற்கு முன்னால் ஆற வைக்கணுமே?

வாத்தியார்: செம்புச் சுருள் குழாயை உள்ளே இறக்கி, அதற்குள் பச்சைத் தண்ணீர் விட்டு, சீக்கிரமாக ஆற்றி, ஈஸ்ட் போட்டு மூடி வைத்து... (நிறுத்துகிறார்)

கடைக்காரர்: எவ்வளவு நாள் சார்?

வாத்தியார்: ரெண்டு வாரம்.

(இருவரும் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்க்கிறார்கள்.)

கடைக்காரர்: நம் ஊரில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சினால் ஜீப் வரும் சார்.

வாத்தியார்: அங்கே சட்டமே இருக்கிறது, தம்பி! 1978-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். வீட்டில் ரெண்டு பெரியவர்கள் இருந்தால் வருஷத்துக்கு 757 லிட்டர். விற்கத்தான் கூடாது.

கடைக்காரர்: அதை 19-ஆல் வகுத்தால்... கிட்டத்தட்ட 40 தடவை. 52 வாரத்தில் 40! ஜனாதிபதியே 38 லிட்டர் அண்டா போதும் என்கிறார், நீங்கள் 100 கேட்கிறீர்கள்.

வாத்தியார்: (பையிலிருந்து காந்தம் எடுத்து) இது 304 எவர்சில்வர்தானே? ஒட்டவில்லை.

கடைக்காரர்: 202 என்கிற மலிவு ரகத்திலும் ஒட்டாது சார். காந்தத்தை நம்பாதீங்க, உங்கள் மாணவனை நம்புங்க. பில்லில் 304 என்றே எழுதித் தருகிறேன். பெயர் வெட்டணுமா? இலவசம்தான்.

வாத்தியார்: அந்த மெஷினாலேயே உள்பக்கம் கோடு போட முடியுமா? 19-இல் ஒன்று, 25-இல் ஒன்று. கொதிக்கும்போது அளவு தெரியணுமாம்.

கடைக்காரர்: தண்ணீர் அளந்து ஊற்றிப் போட்டுவிடலாம். வெளியே மாப்பிள்ளை பெயரா?

வாத்தியார்: (குரலைத் தாழ்த்தி) பொண்ணு பெயரே இருக்கட்டும்.

கடைக்காரர்: ஏன் சார், அவர் பெயர் போட்டால் தங்கச்சி திட்டுமா?

வாத்தியார்: அதில்லை தம்பி... காய்ச்சுகிறதே அவள்தான். மாப்பிள்ளை பாட்டில் கழுவுவதோடு சரி.