குடியை வெறுத்தவர்கள் காப்பாற்றிய மதுக்கடை

லண்டன் டவர் ஹில் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் கிரேஸஸ் ஆலி என்றொரு சந்து வரும். கார் நுழையாத சந்து. அதில் ஒட்டி ஒட்டி நிற்கும் ஐந்து பழைய வீடுகள், சுண்ணாம்பு உதிர்ந்த முகப்பு, நடுவில் செதுக்கு வேலை செய்த ஒரு கல் வாசல். இதற்குள் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட மண்டபம் இருக்கிறது என்று சொன்னபோது கூட வந்த நண்பன் நம்பவில்லை. “டேய், உள்ளே நாலு பாய் விரிக்க இடம் இருக்குமாடா?” என்றான்.

உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிட்டான்.

வில்டன்ஸ் மியூசிக் ஹால் என்று பெயர். குடித்துக்கொண்டே பாட்டும் ஆட்டமும் ரசிக்கும் மண்டபத்தைத்தான் அந்தக் காலத்தில் மியூசிக் ஹால் என்றார்கள். அதைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அதன் வரலாறாக எல்லோரும் சொல்லும் கதையில் பாதிதான் இருக்கிறது, அதுவும் சின்னப் பாதி என்பது என் கருத்து.

முதலில் அந்தக் கதை. இந்த வீடுகளில் பழையவை 1690களைச் சேர்ந்தவை. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கே ஒரு பீர்க்கடை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சதுக்கத்தில் டென்மார்க், நார்வே வணிகர்களும் மாலுமிகளும் வரும் ஒரு தேவாலயம் இருந்ததால் கடைக்கு ‘பிரின்ஸ் ஆஃப் டென்மார்க்’ என்று பெயர் வைத்தார்கள். 1820களில் கடையில் மது ஊற்றிக் கொடுக்கும் மேடை, அலமாரி எல்லாம் மஹாகனி மரத்தில் இழைத்துப் போட்டார்கள். லண்டனிலேயே முதன்முதலாக அப்படிச் செய்தது இந்தக் கடைதான் என்பார்கள். அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் வாயில் அது ‘மஹாகனி பார்’ ஆகிவிட்டது. இன்றைக்கும் அதே பெயர்தான்.

துறைமுகத்துப் பக்கத்துக் கடை. கப்பலிலிருந்து இறங்கும் மாலுமியின் கையில் பல மாதச் சம்பளம் மொத்தமாக இருக்கும். அவனை இரண்டாவது கோப்பைக்கும் மூன்றாவது கோப்பைக்கும் உட்கார வைக்க ஒரு வழி வேண்டும். பாட்டுதான் அந்த வழி. அதனால் கடைக்குப் பின்னால் ஒரு கச்சேரி அறை கட்டினார்கள்.

இந்த இடத்தில் சட்டம் உள்ளே வருகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1751இலேயே லண்டனில் பாட்டும் ஆட்டமும் வைக்கும் கடைகளுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். 1843இல் நாடகச் சட்டம் வந்தது. அது மதுவிடுதிக்காரர்களை ஒரு முச்சந்தியில் நிறுத்தியது. நாடகம் போடப்போகிறாயா? சரி, அரங்குக்குள் குடிக்கவும் புகைக்கவும் விடக்கூடாது. குடியும் புகையும் வேண்டுமா? அப்படியானால் நாடகம் கூடாது, பாட்டு, ஆட்டம், வித்தை மட்டும். குடியில்தான் லாபம் என்பதால் பெரும்பாலானவர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

விளைவு வேடிக்கையானது. ஒருவர் வேஷம் கட்டிக்கொண்டு வந்து பாடினால் அது பாட்டு. இரண்டு பேர் நின்று வசனம் பேசினால் அது நாடகம், வழக்குப் பாயும். அதனால் ஒரே ஆள் ஒரு கதாபாத்திரமாகவே வந்து, பாட்டுக்கு நடுவே கூட்டத்தோடு வம்பளந்து, கோரஸைக் கூட்டத்தையே பாட வைக்கும் முறை செழித்தது. மியூசிக் ஹால் கலை என்று பின்னால் எல்லோரும் கொண்டாடியதில் ஒரு பெரிய பங்கு உரிமச் சட்டத்தின் சந்து பொந்துகளில் முளைத்ததுதான்.

தேம்ஸின் மறு கரையில் லாம்பெத்தில் சார்லஸ் மார்ட்டன் என்பவர் 1852இல் ‘கேன்டர்பரி ஹால்’ திறந்து இதை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டினார். ஆறு பென்ஸ் கொடுத்தால் ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்குக் குடிக்கவோ கொறிக்கவோ ஏதாவது கிடைக்கும், பாட்டு ‘இலவசம்’. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவரை மியூசிக் ஹால்களின் தந்தை என்கிறார்கள். தந்தையோ இல்லையோ, நல்ல கணக்குப்பிள்ளை.

மஹாகனி பாரை 1850 வாக்கில் வாங்கிய ஜான் வில்டனுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. முதலில் இருந்த அறையைப் பெரிதாக்கினார். போதவில்லை. பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, அவற்றின் பின்கட்டில் 1859இல் புது மண்டபத்தையே எழுப்பினார். தெருவைப் பார்த்த நிலம் வாங்கினால் விலை எங்கேயோ போயிருக்கும். புழக்கடையில் கட்டினால் மலிவு. அதோடு யாராக இருந்தாலும் பாரைக் கடந்துதான் மண்டபத்துக்குப் போக வேண்டும். திட்டமில்லாமலா இருக்கும்?

மண்டபத்தின் மூன்று பக்கமும் பால்கனி. அதைத் தாங்கி நிற்பவை முறுக்குப் பிழிந்த மாதிரி திருகிய வார்ப்பிரும்புத் தூண்கள். பால்கனியின் முகப்பில் ஓடும் பூவேலை கல்லும் இல்லை மரமும் இல்லை, காகிதக்கூழ். கூரை நடுவில் அன்றைக்கு ஒரு பிரமாண்டமான சரவிளக்கு தொங்கியது. 300 வாயுச் சுடர்கள், 27,000 படிகத் துண்டுகள். வெளிச்சத்துக்காக மட்டும் வைத்ததல்ல. அத்தனை சுடரின் வெப்பமும் கூரையிலுள்ள புகைபோக்கி வழியே மேலே ஏறும்போது, மண்டபத்தின் சுருட்டுப் புகையையும் வேர்வைக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். விளக்கே காற்றாடி வேலையும் பார்த்தது. புகைபோக்கிச் சூட்டில் கருகிய கூரைச் சட்டங்கள் இன்னும் மேலே இருக்கின்றன.

இங்கே பாடியவர்களில் பெரிய பெயர் ஜார்ஜ் லேபோர்ன். ‘ஷாம்பெயின் சார்லி’ என்று 1866இல் அவர் பாடிய பாட்டு ஊரையே கலக்கியது. பட்டுத் தொப்பி, கண்ணாடி, கையில் பாட்டில், பணக்காரப் பையன் வேஷம். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஷாம்பெயினை வாழ்நாளில் சுவைத்திருக்க மாட்டார்கள். லேபோர்ன் மேடைக்கு வெளியிலும் அதே வேஷத்தில் திரிய வேண்டியிருந்தது, குடித்துக்கொண்டே. 42 வயதில், 1884இல் இறந்துபோனார்.

சார்லி சாப்ளினின் அப்பாவும் மியூசிக் ஹால் பாடகர்தான். மேடை முடிந்ததும் பாடகர்கள் பாருக்குப் போய் வாடிக்கையாளர்களோடு சேர்ந்து குடிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. பாட்டின் தரத்தைவிட, பாடகர் வந்து உட்கார்ந்தால் எத்தனை பேர் கூட உட்காருவார்கள் என்பதே முதலாளிக்குக் கணக்கு. சாப்ளினின் அப்பா 40 வயதைத் தொடாமலே 1901இல் குடியால் போய்ச் சேர்ந்தார். ‘அந்தக் காலப் பொன்னான இரவுகள்’ என்று யாராவது உருகும்போது எனக்கு இந்த இருவரும்தான் ஞாபகம் வருகிறார்கள்.

சரி, இனிதான் நான் சொல்ல வந்த பாதி.

வில்டன்ஸ் மியூசிக் ஹாலாக ஓடியது எத்தனை வருடம் தெரியுமா? ஏறக்குறைய இருபது. வில்டனே பத்து வருடத்துக்குள் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார். 1877இல் தீப்பிடித்தது. மறு வருடம் திருத்திக் கட்டினார்கள். அதே 1878இல் அரங்குகளின் தீப் பாதுகாப்புக்குச் சான்றிதழ் வேண்டும் என்று புதுச் சட்டம் வந்து, சின்ன மண்டபங்கள் கொத்துக் கொத்தாகக் கதவடைத்தன. அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்குள் இங்கேயும் பாட்டு நின்றது.

1888இல் கட்டடத்தை மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மிஷன் வாங்கியது. மதுவைத் தொடவே கூடாது என்று ஊர் ஊராகச் சொன்னவர்கள். மஹாகனி பாரை வாங்கி அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன? ‘மஹாகனி பார் மிஷன்’. இந்த நகைச்சுவை உணர்வுக்காகவே அவர்களை எனக்குப் பிடித்துவிட்டது. மேடை இருந்த இடத்தில் பிரசங்கம், குடித்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஜெபம். அடுத்த வருடமே, 1889 ஆகஸ்டில், லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு இந்த மண்டபத்திலிருந்து ஒரு நாளைக்கு 2,000 சாப்பாடு போனது. அதே ஆறு பென்ஸ், பாருங்கள். ஒரு காலத்தில் கேன்டர்பரிக்குள் நுழையும் விலை, இப்போது ஒரு மணி நேர உழைப்புக்கு அவர்கள் கேட்ட கூலி.

1936 அக்டோபரில் கூப்பிடு தூரத்தில் உள்ள கேபிள் தெருவில் மோஸ்லியின் பாசிசக் கருஞ்சட்டைக்காரர்களை மக்கள் நுழைய விடாமல் தடுத்து நின்றபோதும் மிஷன் இங்கேதான் இருந்தது. உலகப் போரில் குண்டு விழுந்தபோது அக்கம்பக்கத்தார் இதற்குள்தான் ஒதுங்கினார்கள். 1956 வரை, கிட்டத்தட்ட 70 வருடம் இது ஜெபக்கூடம். பாட்டுக்கு இருபது, ஜெபத்துக்கு எழுபது. ஆனால் சுற்றிக் காட்டும்போதும் எழுதும்போதும் மிஷன் காலத்தை ‘நடுவில் கொஞ்ச காலம்’ என்று தாண்டிவிடுகிறார்கள். இது அநியாயம்.

ஏனென்றால் மற்ற மண்டபங்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். கேன்டர்பரி சினிமாக் கொட்டகையாகி, 1942இல் குண்டுவீச்சில் போனது. சிட்டி ரோட்டில் ‘ஈகிள்’ என்று புகழ்பெற்ற விடுதி, குழந்தைகள் பாடும் ஒரு பாட்டில்கூட வரும். அதையும் மதுவை எதிர்த்தவர்கள்தான், சால்வேஷன் ஆர்மிக்காரர்கள், 1882இல் வாங்கினார்கள். பிறகு அது கைமாறி, இடிபட்டு, அதே இடத்தில் வேறொரு பப் எழுந்தது. பழைய மண்டபத்தில் ஒரு செங்கல் மிஞ்சவில்லை. லாபம் பார்க்கும் அரங்கு முதலாளிகள் பத்து வருடத்துக்கு ஒருமுறை இடித்து, பெரிதாக்கி, நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வில்டன்ஸை எடுத்த மெதடிஸ்டுகளிடம் அந்தப் பணமும் இல்லை, அந்த ஆசையும் இல்லை. ஒழுகினால் அடைத்தார்கள், அவ்வளவுதான். திருகுத் தூண்கள் அப்படியே நின்றன.

மிஷன் போன பிறகு அது பழந்துணி தரம்பிரிக்கும் கிடங்கானது. 1960களில் சேரி ஒழிப்பு என்ற பெயரில் சுற்றுவட்டாரத்தையே தரைமட்டமாக்கியபோது இதுவும் பட்டியலில் இருந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் சத்தம் போட்டதால் தப்பியது. 1971இல் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவித்தார்கள். அறிவித்ததோடு சரி, பல வருடம் பூட்டியே கிடந்தது. 1997இல் நடிகை ஃபியோனா ஷா இந்தப் பாழடைந்த மண்டபத்தில் ஒரு நீண்ட கவிதையைத் தனியாளாக நின்று சொல்லி நடித்தபோதுதான் இதன் ஞாபகம் பலருக்குத் திரும்ப வந்தது. முறையான பழுதுபார்ப்பு 2015இல் முடிந்தது.

அந்தப் பழுதுபார்ப்பைப் பற்றித்தான் நண்பனோடு சண்டை. சுவரில் பல காலத்துப் பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து தெரிகிறது. ஆணி அடித்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. “வேலை இன்னும் முடியலையா?” என்று கேட்டான். முடிந்துவிட்டது, இப்படி விட வேண்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள் என்றேன். “இதுக்குப் பல கோடியா?” என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் தங்க முலாம் பூசி 1859 மாதிரியே ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்கள், துணி மூட்டை இழுத்தவர்கள் எல்லோரையும் துடைத்துவிட்டு, வில்டனின் இருபது வருடத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி ஆகியிருக்கும். கூரை ஒழுகாமல், தரை இடியாமல் பார்த்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டது புத்திசாலித்தனம். பழைய கட்டடத்துக்குப் பளபளவென்று பெயின்ட் அடிப்பதைத்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்களை ஒருமுறை இங்கே கூட்டி வந்து உட்கார வைக்கலாம்.

வெளியே வரும் வழியில் மஹாகனி பாரில் உட்கார்ந்தோம். அவன் ஒரு பீர் சொன்னான். நான் குடிக்காதவன், எலுமிச்சைச் சாறு. எழுபது வருடம் இந்த அறையில் என் கட்சி ஆட்சி நடந்தது என்றேன். “அதான் பார் இப்போ எங்க கட்சிகிட்ட திரும்ப வந்துடுச்சே” என்றான்.

அடுத்த மாதம் ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். பால்கனி இருக்கை, திருகுத் தூண் ஒன்று கொஞ்சம் மறைக்குமாம், அதனால் விலை குறைவு.