திரைகளை எண்ணுகிறோம், ஆசிரியரின் மாலை நேரத்தை யார் எண்ணுவது?

அரசுப் பள்ளி வகுப்பறைக்குத் தொழில்நுட்பம் தேவையா என்ற பேச்சு வரும்போதெல்லாம், தேவை என்று தயங்காமல் சொல்கிறவள் நான். ஏற்காடு மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் கணிதமும் நடத்துகிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. காலையில் கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பேருந்தில் ஏறிப் போய், மாலையில் அதே வழியில் இறங்கி வருகிறேன். பையில் மதியச் சாப்பாட்டோடு ஒரு சிறிய புரொஜெக்டரும் ஹார்டு டிஸ்க்கும் எப்போதும் இருக்கும். இனி நான் எழுதப்போவதைத் தொழில்நுட்பத்துக்கு எதிரான முணுமுணுப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

அண்மைக் காலமாக ஆசிரியர் கூட்டங்களில் ஒரு பாராட்டு அடிக்கடி காதில் விழுகிறது. “அந்த டீச்சருக்கு வீடு வாசல் நினைப்பே கிடையாது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பிள்ளைங்களுக்கு வீடியோ பண்ணிக்கிட்டு இருப்பாங்க” என்று மேடையிலேயே சொல்கிறார்கள், கைதட்டலும் கிடைக்கிறது. என்னைப் பற்றியும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தப் பாராட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் வகுப்பில் தொழில்நுட்பத்தின் துணையோடு உருப்படியாக நடந்த பாடங்கள் என்று நான் கருதுபவை எல்லாம், எனக்கு ஒரு வீடு இருப்பதாலும் அந்த வீட்டு மனிதர்களோடு உட்கார நேரம் கிடைத்ததாலும் விளைந்தவை. அந்த நேரத்தைத் தின்றுவிட்டு ஆர்வத்தை மட்டும் தனியாக வளர்க்க முடியாது.

ஒரு பாடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். என் அப்பா இளம்பிள்ளையில் சேலை டிசைனுக்கு அட்டை குத்திப் பிழைத்தவர். ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவையும் மாங்காயையும் வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டையில் துளையிட வேண்டும். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால், துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதற்குரிய கொக்கி, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, கொக்கி விலகி, நூல் கீழேயே கிடக்கும். ஒரு துளை தவறினால் அந்தப் பூ வருகிற இடமெல்லாம் இதழ் ஒடிந்தே வரும் என்பதால், அப்பா வேலை செய்யும்போது வீட்டில் ஒருவரும் சத்தமாகப் பேசமாட்டோம்.

எட்டாம் வகுப்புக்கு இரும எண்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். வீடியோ எடுக்கவேண்டும் என்று போகவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்பதால் போனேன். பரணில் கிடந்த பழைய அட்டைக்கட்டை அவர் எடுத்துத் தட்டி வைத்தபோதுதான், துளை என்றால் ஒன்று, துளை இல்லை என்றால் பூஜ்யம் என்று பாடமே என் கண்முன் கிடப்பது தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தறியில் அப்பாவை நிற்க வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். “கண்ணுங்களா, இந்தத் துளையைப் பாருங்க, இது சொன்னாத்தான் நூல் எந்திரிக்கும்” என்று அவர் பாட்டுக்குப் பேசினார்.

அந்தப் பதிவைத் திரையில் காட்டிவிட்டு, அட்டைகளைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தேன். ஒரு வரிசையில் 8 இடங்கள் இருந்தால் துளையிட்டும் விட்டும் 256 விதமாக அமைக்கலாம் என்பதை அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் இந்தப் பொறியை உருவாக்கினார். சார்லஸ் பாபேஜ் 1830களில் பகுப்புப் பொறி என்ற தம் கணக்கிடும் இயந்திரத்துக்கு இதே துளை அட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். 1890 இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு துளை அட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. இந்த வரலாற்றைச் சொல்லி, திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய் அது சிறு சிறு கட்டங்களாகப் பிரியும் இடத்தில் நிறுத்தியபோது, பின் வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்து, “டீச்சர், அப்ப உங்க அப்பா புரோகிராம் எழுதினவரா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். பள்ளிக்கூடம் போகாத மனிதரைப் பற்றி ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளை அப்படிக் கேட்டதை அன்று இரவே அப்பாவிடம் சொன்னேன். அவர் அதை இன்றுவரை தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று காப்பி இலை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களையும் எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். காப்பி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் மாவு பூத்தாற்போல் வரும் துரு நோயை அவர்கள் நடக்கும் வழியெல்லாம் பார்த்திருக்கிறார்கள். அது ஒரு பூஞ்சை என்பது மட்டும் தெரியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்த, தாளை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கைப்பேசியின் கேமராவோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கையில் பிடித்தால் ஆடும். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர், நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “இப்படிக் கொடுங்க” என்று வாங்கிப் பித்தளைக் கம்பியை முறுக்கி ஒரு தாங்கி செய்துகொடுத்தார். அதற்குப் பிறகு படம் அசைவதே இல்லை.

துருவின் வித்துகளைத் திரையில் பார்த்த அன்று, 1869 இல் இலங்கையில் தென்பட்ட இதே பூஞ்சை அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்ததையும், அதன் பிறகுதான் அங்கே தேயிலை பரவியதையும் சொன்னேன். ஒரு சிறுமி, “எங்கப்பா நீலமா ஒரு மருந்து அடிப்பாரே, அது இதுக்குத்தானா டீச்சர்?” என்றாள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை அது. அடுத்த வேதியியல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன். அந்தப் படங்களுக்குக் குரல் கொடுத்தவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள்; பிள்ளைகளுக்கு அவள் குரல் என் குரலைவிடப் பிடித்திருக்கிறது.

அரசு கொண்டுவந்த ஏற்பாடுகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2011 இல் மாணவர்களுக்கு மடிக்கணினி, 2018 இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு, 2019 இல் கல்வித் தொலைக்காட்சி, 2023 இல் மணற்கேணி செயலி, 2024 இல் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. மலையில் சிக்னல் இல்லாத நாளும், மழையில் மின்சாரம் போகும் நாளும் உண்டு என்பதால், நான் எல்லாவற்றையும் சேலத்திலேயே பதிவிறக்கம் செய்து எடுத்துப் போகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகளை, அதாவது ஆய்வுக்கூடச் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்களை, இணையம் இல்லாமலும் இயக்கலாம். பல தமிழிலும் கிடைக்கின்றன. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஏற்காட்டு வானத்தையே விரித்துக் காட்டலாம்; துருவ நட்சத்திரம் நம் ஊரில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 12 பாகை உயரத்தில்தான் நிற்கும் என்பதைப் பிள்ளைகள் திரையில் பார்த்துவிட்டு இரவில் வீட்டு வாசலில் நின்று சரிபார்த்து வருகிறார்கள்.

ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள தயாரிப்பு வேலையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 40 நிமிடப் பாடவேளைக்கு ஒரு மின்சுற்றுப் பாவனையைக் காட்ட வேண்டும் என்றால், முதலில் அதை நான் முழுவதும் இயக்கிப் பார்க்க வேண்டும். அதில் வரும் தமிழ்ச் சொற்கள் பாடநூலில் உள்ள சொற்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தி என்ன கேட்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இணையத்தைத் துண்டித்துவிட்டு மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளியில் இதற்கு நேரமே இல்லை. ஓய்வுப் பாடவேளை என்று ஒன்று கிடைத்தால் அது துறை கேட்கும் விவரங்களைக் கைப்பேசியில் பதிவேற்றுவதில் போய்விடுகிறது. சிக்னல் கிடைக்காமல் மிஞ்சியது பேருந்திலும், அதிலும் மிஞ்சியது வீட்டிலும் முடிகிறது. பதிவேற்றம் என்பதும் கைப்பேசியில் நடப்பதால், அதையும் கற்பித்தலுக்கான தொழில்நுட்பம் என்ற ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்று பிள்ளையின் கண்ணுக்குப் போகிறது, மற்றொன்று அறிக்கைக்குப் போகிறது.

“ஆர்வம் இருந்தால் நேரம் தானா வரும், டீச்சர்” என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். நேரம் தானாக வருவதில்லை. யாரோ ஒருவரிடமிருந்துதான் வருகிறது. என் வீட்டில் அது மாமியாரின் மூட்டுவலி மருத்துவத்திலிருந்து வருகிறது, என் தூக்கத்திலிருந்து வருகிறது, மகளின் படிப்பிலிருந்து வருகிறது. எனக்குக் குரல் கொடுக்கும் அதே மகள்தான் ஒருநாள் கணக்கு நோட்டோடு பக்கத்தில் வந்து, “அம்மா, வீடியோவில பேசுற மாதிரி எனக்கும் ஒருநாள் நிதானமாச் சொல்லிக்கொடுங்களேன்” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் ஒருத்தி இன்னும் சீக்கிரம் எழுந்தோ இன்னும் தாமதமாகப் படுத்தோ பதில் சொல்லிவிட முடியாது. கால அட்டவணை போடுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. மாலையில் வீடு திரும்பியதும் அடுப்படிக்குள் நுழைகிற பெண் ஆசிரியைகள் நம் தொடக்கப் பள்ளிகளில் எத்தனை பேர் என்று யோசித்தால், இது ஒருத்தியின் வீட்டுப் பிரச்சினை இல்லை என்பது விளங்கும்.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது என்பதைப் பல ஆசிரியர்களே கவனித்ததில்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1000 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. அதாவது நாளொன்றுக்கு நாலரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதே அட்டவணை, ஆசிரியரின் வார வேலை நேரம் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து 45 மணி என்கிறது. தயாரிப்பும் வேலைதான், அது ஆசிரியர் தம் சொந்த நேரத்திலிருந்து போடும் நன்கொடை இல்லை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவின் நோக்கத்தை மதிக்கிற எவரும், விவரப் பதிவுக்கென்று ஒருவரை நியமிக்கக் கேட்பதைப் பேராசை என்று சொல்லமாட்டார்கள்.

எனவே நான் கேட்பது இதுதான். ஒரு பள்ளிக்குத் திரை கொடுக்கும்போது, அந்தத் திரையைப் பயன்படுத்தப்போகும் ஆசிரியருக்கு வாரத்துக்கு இத்தனை தயாரிப்புப் பாடவேளை என்பதையும் அதே ஆணையில் சேர்த்து எழுத வேண்டும். மூன்று நான்கு பள்ளிகளுக்கு ஒருவராவது விவரப் பதிவுக்கு இருக்க வேண்டும். மலைப் பள்ளிகளுக்கென்று, இணையம் இல்லாமல் ஓடக்கூடிய பாடத்தொகுப்பு ஒன்றை ஊராட்சி ஒன்றிய அளவில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாக இரவு விழித்துப் பதிவிறக்கம் செய்ய வேண்டியிருக்காது. பயிற்சிகளைச் சனிக்கிழமையில் வைப்பதையும் நிறுத்தலாம்.

இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்காக ஒரு செய்தி. எங்கள் தலைமை ஆசிரியரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது, அவர் யோசித்துவிட்டு, ஆறாம் வகுப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டு வேளையைச் சேர்த்து, நானும் தமிழாசிரியையும் ஒன்றாக உட்கார வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை ஒதுக்கிக்கொடுத்தார். அந்த வேளைகளில் கைப்பேசியில் விவரம் கேட்டு யார் அழைத்தாலும் அவரே எடுத்துப் பேசுகிறார். பாவனைகளில் வரும் கலைச்சொற்களைப் பாடநூலோடு ஒப்பிட்டு நாங்கள் இருவரும் தயாரித்த பட்டியல் இப்போது ஏற்காடு ஒன்றியத்தில் வேறு பள்ளிகளுக்கும் பென்டிரைவில் போயிருக்கிறது. மகளோடு கணக்குப் போட எனக்கு மாலையில் நேரம் கிடைக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு ஒரு மனிதரின் நல்ல மனத்தால் நடக்கிறது. அவருக்கு மாறுதல் வந்தால் அதுவும் போய்விடும். இதை ஆணையாக எழுத்தில் கொடுங்கள் என்றுதான் பள்ளிக் கல்வித் துறையைக் கேட்கிறேன்.