காலாங்கிலும் அதே கதைதான்

அண்டார்க்டிகா கடலடிச் சேற்றை வைத்துப் பனிப்படலம் எப்போது வளர்ந்தது, எப்போது பின்வாங்கியது என்று கணிப்பதைப் பற்றிய கட்டுரை அருமை. ஆழ்கடல் களிமண்ணில் கிடக்கும் கூழாங்கல், மிதந்து வந்த பனிப்பாறை உருகிப் போட்டது என்ற பத்தியை இரண்டு முறை படித்தேன்.

சிங்கப்பூரின் காலாங் பக்கம் கட்டுமானத் தளத்தில் மண் பரிசோதனை வேலை பார்த்தவன் நான். துளைபோட்டு எடுத்த மண்ணில் மேலே சாம்பல் நிறக் கடல் களிமண். விரலால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி அமுங்கும், நடுநடுவே சிப்பித் துண்டுகள். அப்புறம் திடீரென்று செம்மஞ்சள் கலந்த கெட்டி மண், நகம்கூட இறங்காது. அதற்குக் கீழே மறுபடியும் சாம்பல் களிமண். அந்தக் கெட்டி அடுக்கு, கடல் விலகியபின் வெயிலில் காய்ந்து இறுகிய பழைய கடல்தரை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்படலங்கள் அவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததால் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் நம்மோடு ஒரே நிலம். பனி உருகிக் கடல் திரும்பியபோது படிந்ததுதான் மேல் களிமண்.

ஒரு குறை: கடலடி நுண்ணுயிர்களின் ஓடுகளைக் கட்டுரை தொடவே இல்லை. அவற்றில் கனமான வகை ஆக்சிஜனான ஆக்சிஜன்-18 கூடியிருந்தால், லேசான ஆக்சிஜன்-16 நிலத்துப் பனியில் சிக்கியிருந்தது என்று அர்த்தம். அதையும் தனியாக எழுதுங்கள்.