டீச்சரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நம்ம கணக்கு டீச்சர் போனில் வந்த மோசடிக்காரனிடம் பணத்தைப் பறிகொடுத்த விஷயம் இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பழைய மாணவர்கள் குழுவில் அதை யார் போட்டது, ஏன் போட்டது என்று சண்டை பிடிக்க வரவில்லை. அதற்குக் கீழே வந்து விழுந்த கருத்துகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். "நமக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவங்களே கணக்குல கோட்டை விட்டுட்டாங்களா?" என்று ஒரு தம்பி எழுத, அதற்கு 140 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அதில் 11 பேர் என் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காசு கொடுக்காமல் கணக்குப் படித்தவர்கள். எட்டு மணிக்கு டீச்சர் கொடுத்த சுண்டலையும் சாப்பிட்டவர்கள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் சிரிப்புக்குப் பயந்துதான் ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பணம் கைமாறிப் போகிறது.

இது எப்படி என்று தெரியாதவர்களுக்கு விளக்குகிறேன். நம் கணக்கிலிருந்து போன பணம் நேராகத் திருடன் கைக்குப் போவதில்லை. யாரோ ஒருவருடைய கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து நாலைந்து கணக்குகளாகப் பிரிகிறது, அவை ஒவ்வொன்றும் மறுபடி பிரிகின்றன. கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கிறார்கள், அல்லது கிரிப்டோ என்கிற இணைய நாணயமாக மாற்றி நாட்டுக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால், பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருப்பதை முடக்குவார்கள். மிச்சம் இருந்தால்தான் முடக்க முடியும். முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தவருக்கும் மூன்றாம் நாள் அழைத்தவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். சில சமயம் அது ஒருவருடைய மொத்தச் சேமிப்பு.

டீச்சருக்குத் தான் ஏமாந்துவிட்டது செவ்வாய்க்கிழமை இரவே தெரிந்துவிட்டது. 1930க்கு அழைத்தது வியாழக்கிழமை சாயங்காலம். நடுவில் ஏன் அழைக்கவில்லை என்று நானே கேட்டேன். "பசங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கப்பா" என்றார். பசங்க என்றால் நாம்தான். டீச்சருக்கு ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறார். அவரை டீச்சர் "பசங்க" என்று சொல்வதில்லை.

டீச்சர் நினைத்ததை நினைத்தபடியே செய்து காட்டிவிட்டோம்.

"எவ்வளவு போச்சு?" என்று என்னிடம் தனியாகக் கேட்டவர்கள் மட்டும் ஒன்பது பேர். எப்படி இருக்கிறார் என்று கேட்டவர் ஒருவர். தொகையை நான் சொல்லப்போவதில்லை. நடந்ததில் கொஞ்சம் சொல்கிறேன், டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான்.

மும்பையிலிருந்து போலீஸ் என்று ஒருவன் பேசினான். டீச்சரின் ஆதார் எண்ணில் ஒரு பார்சல் போயிருக்கிறது, அதில் போதைப்பொருள், அதனால் "டிஜிட்டல் கைது" என்றான். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று உத்தரவு. சீருடையில் ஒருவன், பின்னால் அசோகச் சின்னம், மேசையில் ஒரு கொடி. கிட்டத்தட்ட இரண்டு நாள், 71 வயதுப் பெண்மணி, சமையலறை மேடையில் கோலமாவு டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கழிவறைக்குப் போகக்கூட அவனிடம் கேட்டுவிட்டுப் போனார். பால்காரர் மணியடித்தபோது, "உடம்பு சரியில்லை, வாசல்லயே வெச்சிட்டுப் போங்க" என்று உள்ளே இருந்தே சொல்லியிருக்கிறார். அந்தப் பாலை எடுத்துக் காய்ச்சவில்லை. மறுநாள் அது திரிந்து கிடந்ததைத்தான் டீச்சர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பணத்தைப் பற்றி ஒரு தடவைதான் பேசினார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"படிச்சவங்க இப்படி ஏமாறலாமா?" இது முதல் கேள்வி. 2024இல் பஞ்சாபில் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை இதே முறையில் பிடித்தார்கள். 80 வயதைத் தாண்டிய தொழிலதிபர், பத்மபூஷண் விருது பெற்றவர். அவருக்காகப் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே இணையத்தில் நடத்தினார்கள், அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் பேசுவதாகச் சொல்லி. 7 கோடி ரூபாய் போனது. அவர் வெளியே வந்து சொன்னார், புகார் கொடுத்தார். 5 கோடிக்கு மேல் மீட்க முடிந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒருவரை இரண்டு நாள் அறைக்குள் உட்கார வைக்க முடிகிறது என்றால், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை எம்மாத்திரம்?

அடுத்து, "இவ்வளவு விழிப்புணர்வு செஞ்சும் கேக்கலன்னா என்ன பண்றது?" என்கிறார்கள். சரி. யாருக்காவது போன் செய்தால் மணி அடிப்பதற்கு முன்னால் எச்சரிக்கை ஓடிய காலமும் இருந்தது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் பேசினார், டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்று. உண்மைதான், கிடையாது. காவல்துறையோ, சிபிஐயோ, வருமானவரித் துறையோ வீடியோவில் யாரையும் கைது செய்ய முடியாது. விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் தெரியும். பயம் பிடித்துக்கொண்டவருக்கு அந்த நேரத்தில் தெரியாது. அவரை யோசிக்க விடாமல் வைத்திருப்பதுதானே அவன் வேலை, அதற்காகத்தான் அழைப்பைத் துண்டிக்க விடுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்கிறோம். ஆனால் அரசு சேவை மையத்துக்குப் போனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமிருந்து "ஓடிபி சொல்லுங்க" என்கிறார்கள். சிலிண்டர் கொண்டு வருபவர் கேட்கிறார், பார்சல் தருபவர் கேட்கிறார், ஆட்டோ ஓட்டுநர் கேட்கிறார். நாள் முழுக்க ஆறு இலக்கமும் நாலு இலக்கமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஒரே ஒரு தடவை மட்டும் சரியாக மூடிக்கொள்ள வேண்டுமாம். மூடாவிட்டால் முட்டாளாம்.

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்தது. இதுவரை வெளியே சொன்னதில்லை.

2022. அப்பா மின்வாரியத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவர், லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. முந்தைய மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும் என்று ஒரு மொபைல் எண். அந்த நேரத்தில் அது தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய செய்திதான். இரவு 9.30க்கு எந்த ஊழியரும் வந்து ஃபியூஸைப் பிடுங்க மாட்டார் என்று அப்பாவை விட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஆனால் கூடத்தில் அம்மா படுத்திருந்தார், மூக்கில் குழாயோடு. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் மெஷின் நிற்கும். அப்பா அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், அந்த எண்ணுக்கு அழைத்துவிட்டார். அவன் ஒரு செயலியை இறக்கச் சொன்னான், திரையைப் பகிரும் செயலி. பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள், பதிவாகிவிடும் என்றான். அப்பா அட்டை எண்ணை அடித்ததையும், வந்த ஓடிபியையும் அவன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தவணையாக 1,87,000 ரூபாய் போனது.

ஒன்பது நாள் அப்பா சொல்லவில்லை. போன் ரிப்பேர் என்று அணைத்து வைத்திருந்தார். பத்தாம் நாள் பாஸ்புக்கில் என்ட்ரி போட நான் வங்கிக்குப் போனதால் தெரிந்தது. அன்று மாலையே 1930க்கு அழைத்தேன், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்தேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு, பணம் போன அன்று இரவே துடைக்கப்பட்டிருந்தது.

"ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல?" என்று கத்தினேன். அப்பா சொன்ன பதிலை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. "நீ சிரிப்பேன்னுதான்டா சொல்லல."

அந்த எஸ்எம்எஸ் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டிவியில் இதே மாதிரி ஒருவர் ஏமாந்த செய்தி ஓடியது. "இவங்களுக்கெல்லாம் எதுக்கு ஆண்ட்ராய்டு போன்?" என்று சொல்லிச் சிரித்தவன் நான். பக்கத்தில் அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் ஏதாவது எஸ்எம்எஸ் வந்தால் அப்பா போனை என்னிடம் நீட்டுகிறார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நீட்டுகிறார், எழுத்துப் படிக்கத் தெரியாதவர் போல.

அதனால்தான் அந்த 140 பேரைச் சும்மா விட முடியவில்லை.

"பேராசைப்பட்டுத்தானே ஏமாறுறாங்க" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். டீச்சர் எதற்கு ஆசைப்பட்டார்? என் அப்பா எதற்கு ஆசைப்பட்டார்? பங்குச்சந்தையில் பத்து நாளில் இரட்டிப்பு என்று போய் விழுபவர்கள் இருக்கிறார்கள்தான், அதை மறுக்கவில்லை. அவர்களும் 1930க்கு அழைக்கட்டும், அவர்களையும் திட்டாதீர்கள். அதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"அப்போ ஏமாந்தவங்களுக்குப் பொறுப்பே கிடையாதா?" இருக்கிறது. யுபிஐயில் பணம் வாங்க ரகசிய எண் (PIN) தேவையில்லை, யாராவது பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றால் அவன் திருடன். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக, அதாவது போனில் செயலியை நிறுவும் ஃபைலாக, எது வந்தாலும் தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அவனுக்கும் போகும். நட்சத்திரம் 401 நட்சத்திரம் என்று தொடங்கும் எதையும் யார் சொன்னாலும் போனில் அடிக்காதீர்கள், உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனிடம் போய்விடலாம். இதெல்லாம் நம் பொறுப்பு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிவிட்டு, "ஒருவேளை தப்பு நடந்தா அந்த நிமிஷமே எனக்குப் போன் பண்ணுங்க, நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. நாமே ஓடிபி கொடுத்திருந்தால்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சுற்றறிக்கை போட்டது. தெரிவித்தால்தான் அதுவும்.

சரி, பொறுப்பு பொறுப்பு என்கிறீர்களே, எல்லோருடைய பொறுப்பையும் பேசுவோம். 71 வயதுப் பெண்மணி தனியாக வங்கிக்குப் போய், எட்டு வருஷமாகத் தொடாத எஃப்டியை உடைக்கிறார். முகம் வெளுத்திருக்கிறது, கைப்பைக்குள் போன் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேறு மாநிலத்தில் முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக் கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் படிவம் நிரப்பித் தருகிறார், கரும்பலகையில் எழுதும் அதே முத்துமுத்தான கையெழுத்தில். கேட்டால் வீடு வாங்க என்று சொல் என்று அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் ஒரு கிளை ஊழியர்கள் சந்தேகப்பட்டுத் துருவித் துருவிக் கேட்டு ஒருவருடைய 13 லட்சத்தைக் காப்பாற்றினார்கள். செய்ய முடியாத காரியமா இது?

அப்புறம், பணம் போய்ச் சேரும் அந்த முதல் கணக்கு யாருடையது தெரியுமா? பல நேரம் நம்ம ஊர் மாதிரி ஓர் ஊரில் இருக்கும் கல்லூரிப் பையனுடையது. சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்குத் தன் பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிடுகிறான். 2024இல் மட்டும் இந்தியாவில் சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம் 7,465 கோடி. இதில் எவ்வளவோ பணம் இப்படி யாரோ ஒரு பையனின் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. அவனைப் பற்றி நம் குழுவில் ஒரு வரி இல்லை. மியான்மரிலும் கம்போடியாவிலும் வேலை என்று கூட்டிப்போய், அடைத்து வைத்து இந்த மோசடி அழைப்புகளைப் பேச வைக்கிற கும்பல்களைப் பற்றியும் ஒரு வரி இல்லை. 2025 மார்ச்சில் மியான்மர் கும்பல்களிடமிருந்து மீட்ட 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கூட்டி வந்தார்கள். இத்தனை பெரிய விஷயத்தில் நமக்குச் சிரிக்கக் கிடைத்தவர் நமக்குப் பாடம் சொன்ன டீச்சர் மட்டும்தானா?

நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வாசலில் கோலம் இல்லை. காபி கொடுத்தார். என் அப்பா எப்படி இருக்கிறார், பையன் எந்த வகுப்பு என்று எல்லாம் விசாரித்தார். குழுவில் வந்ததைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை, பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். கிளம்பும்போது போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"இந்த குரூப்லேர்ந்து எப்படிப்பா வெளிய வர்றது? எனக்குத் தெரியல, கொஞ்சம் காட்டிக் கொடு."

காட்டிக் கொடுத்தேன்.