லஃபாயெத்தை வரவேற்ற நான்கு மெட்டுகள்

வரவேற்புப் பாட்டு என்றாலே "பழைய மெட்டில் பெயரை மட்டும் செருகிவிட்டார்கள்" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். செருகுவதுதான் சரி என்பேன். படகுத்துறையில் முண்டியடிக்கும் கூட்டத்துக்கு யார் புது மெட்டு சொல்லிக்கொடுப்பது?

1824 ஆகஸ்ட் 15. அமெரிக்க விடுதலைப் போரில் தோள் கொடுத்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், அதிபர் மன்றோவின் அழைப்பில் நியூயார்க் வந்து சேர்ந்தார். அன்று ஞாயிறு என்பதால் ஸ்டேட்டன் தீவிலேயே தங்கவைத்து, மறுநாள் 'சான்சலர் லிவிங்ஸ்டன்' நீராவிக் கப்பலில் நகருக்கு அழைத்துப் போனார்கள். வழியில் பேண்டு வாசித்தவை நான்கு. இசையமைப்பாளர் ஹாண்டலின் 'வெற்றி வீரன் வருகிறான்', இன்னொரு இசையமைப்பாளர் கிரெத்ரியின் 'சொந்தக் குடும்பத்தின் மடியைவிடச் சுகம் எங்கே', அமெரிக்கரின் 'ஹெய்ல் கொலம்பியா', கடைசியாக பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டான 'மார்செய்யேஸ்'.

இவற்றின் பூர்வீகத்தைக் கிளறினால் சிரிப்புதான் வரும். ஹாண்டலின் மெட்டு புகழ்பெற்றது 'யூதாஸ் மக்கபேயு' என்ற நடிப்பில்லா இசைநாடகத்தின் வழியாக. 1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரில் வென்ற ஆங்கிலேய இளவரசர் கம்பர்லண்டைக் கொண்டாட எழுந்த படைப்பு அது. அந்த மெட்டு இங்கே அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகையில் ஆங்கிலேயரை மடக்கியவருக்கு! (இன்று ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் ஒலிப்பதும் இதே மெட்டுதான்.) கிரெத்ரியின் பாட்டை பிரான்சில் பூர்போன் மன்னர் தரப்பு தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது, லஃபாயெத்தோ அந்த மன்னர்களுக்கு ஆகாதவர். 'ஹெய்ல் கொலம்பியா'வின் மெட்டு வாஷிங்டனுக்காகப் போட்ட நடைப்பாட்டு. அதற்கு ஹாப்கின்சன் என்பவர் வரிகள் எழுதிய 1798இல் அமெரிக்கா பிரான்சுடனேயே மோதும் நிலையில் இருந்தது.

துறையில் நின்றவர்களுக்கு இதெல்லாம் உறுத்தியிருக்காது. காலை எட்டிப்போட வைக்கிற, பாதி வழியில் சேர்ந்தாலும் பிடிபடுகிற மெட்டாக இருந்தால் போதும். 'லஃபாயெத் மார்ச்' என்று அவர் படம் போட்டு அச்சான பியானோ தாள்கள் வரவேற்பறைக்கு உரியவை, துறைக்கு அல்ல.

மெட்டை இரவல் வாங்கலாம். சொல் உட்காராவிட்டால்தான் மானம் போகும். ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்ற சொல்லுக்கு அழுத்தம் முதல் அசையில். வரவேற்புக்கு இரவல் வாங்க 'ஆல்ட் லாங் சைன்' என்ற ஸ்காட்லாந்துப் பாட்டின் மெட்டை எடுத்தால், அதுவோ, நம் கர்நாடக இசையின் அதீத எடுப்பு போல, தட்டு விழுமுன்பே தொடங்குவது. அதில் 'வெல்கம்' என்று ஆரம்பித்தால் அழுத்தமில்லாத 'கம்' மேல் தட்டு விழுந்து சொல் நொண்டும். முன்னால் ஓரசைச் சொல் ஒன்றைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். பிறகு 8 அசை, 6 அசை என்று மாறி மாறி வர வேண்டும். ஆங்கில உச்சரிப்பில் 'லாஃபயெட்' என்ற அவர் பெயர் மூன்று அசை, கடைசியில் அழுத்தம். வரி முடிவில் வைக்கத் தோதான பெயர். 'மெட்', 'ஃபர்கெட்', 'டெட்' என்று இயைபும் கைவசம் இருக்கிறது. கடைசிச் சொல்லுக்குக் கடன் என்று பொருள். அந்தக் கடனை நாடாளுமன்றமே அந்த டிசம்பரில் 2,00,000 டாலரும் நிலமும் கொடுத்துத் தீர்க்கப் பார்த்தது.

நான்கில் நான் தயங்கியிருப்பது 'மார்செய்யேஸ்' ஒன்றுக்குத்தான். 1792 ஜூலை முடிவில் அதைப் பாடிக்கொண்டு பாரிசுக்குள் வந்த மார்செய் தொண்டர்கள், ஆகஸ்ட் 10 அன்று அரண்மனையைத் தாக்கியவர்களில் முன்னணியில் நின்றார்கள். முடியாட்சி கவிழ்ந்தது. அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னர் வேண்டும் என்றிருந்த லஃபாயெத் ஒன்பதே நாளில் எல்லை தாண்டி ஓடினார். பிடிபட்டு ஐந்து ஆண்டு சிறையில் கிடந்தார். அவரைத் துரத்திய பாட்டையே அவருக்கு மரியாதையாக வாசித்தது நியூயார்க். அப்போது பிரான்சில் அதற்குத் தடை வேறு.

1830 ஜூலையில் பூர்போன்களை விரட்டிய பாரிஸ் தெருக்களில் அதே பாட்டு மறுபடி கேட்டது. தேசியக் காவல்படைக்குத் தலைமை ஏற்றிருந்தவர், 72 வயது லஃபாயெத்.